செல்லோவுக்கு ஜன்னலோரம்

இன்னொரு தடவை ‘நம்ம ரெண்டு பேருக்கும்’ என்று சொன்னால் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவேன். இறங்கி எங்கே போவது என்பதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். சொல்லட்டும், பார்க்கலாம்.

“மும்பைக்காரங்க நம்ம ரெண்டு பேரையும் சேத்துத்தான எடுத்திருக்காங்க, நிவி. இது நம்ம ரெண்டு பேருக்கும்தான்” என்றான் பிரதாப்.

நிவேதா இறங்கவில்லை. இறங்குவதென்றால் மடியில் இருக்கும் இரண்டு பைகளையும் யாரிடமாவது கொடுத்துவிட்டு எழ வேண்டும். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்தில், மூன்று பேர் உட்காரும் இருக்கையில், ஜன்னலோரம் செல்லோ உட்கார்ந்திருந்தது. கறுப்புப் பெட்டிக்குள், பிரதாப்பின் துண்டால் ஜன்னல் கம்பியோடு கட்டப்பட்டு, காற்று வாங்கிக்கொண்டு வந்தது. அதைத் தோளோடு அணைத்தபடி பிரதாப். மிச்சமிருந்த விளிம்பில் நிவேதா, ஒரு கால் நடைபாதையில். பேருந்து திரும்பும்போதெல்லாம் கீழே விழாமலிருக்க முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கல்யாணமான இந்த ஆறேழு வருஷமும் இப்படித்தான் பயணம் செய்திருக்கிறோம் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்ததும் எரிச்சலாக வந்தது, இத்தனை நாள் உறைக்காததற்கும் சேர்த்து.

“உள்ள இன்னா சார், இன்ஜினா?” என்று பின்னால் இருந்தவர் கேட்டார். இந்தத் தடத்தில் எப்போதும் இதே கேள்விதான். படகில் மாட்டும் இன்ஜினை இப்படித்தான் சுற்றி எடுத்துப் போவார்கள். பிரதாப் சலிக்காமல் விளக்கினான். வயலின் மாதிரிதான், ஆனால் பெரிசு, காலுக்கு நடுவில் வைத்து உட்கார்ந்து வாசிப்பது. அவர் நிவேதாவைப் பார்த்து, “அப்போ அவங்க?” என்றார். “அவங்க பியானோ” என்றான் பிரதாப். பெட்டி எங்கே என்று தேடுவதுபோல அவர் கண் அவள் பைகளின் மேல் போய்வந்தது.

பியானோக்காரியிடம் பெட்டி இருக்காது. போகிற இடத்தில் எது இருக்கிறதோ அதில்தான் அவள் வாசிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். மும்பையில் நடக்கும் ஓர் இசை விழாக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, நாட்டின் பல ஊர்களில் வாசிக்க வைப்பார்கள். இந்த வருஷம் செல்லோவும் பியானோவும். முப்பத்தைந்து வயது நிறைந்தவரை எடுக்கமாட்டார்கள். பிரதாப்புக்கு வரும் ஆவணியில் முப்பத்தைந்து. மூன்றாம் தடவையாக விண்ணப்பித்து இப்போதுதான் கிடைத்திருந்தது. பெங்களூரில் ஓர் இசைப் பள்ளியில் நிவேதாவுக்கும் இடம் கிடைத்திருந்தது. தனிப் பியானோ, ஒரு வருஷம், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். போன வருஷமே கிடைத்ததை அவள் தள்ளிப்போட்டிருந்தாள். இன்னொரு தடவை தள்ளிவைக்க முடியாது என்று அவர்கள் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். நாளைக்குள் பதில் வேண்டும். இரண்டும் ஒரே வருஷம்.

முறைப்படி பார்த்தால் அது நிவேதாவின் வருஷம்.

*

நிவேதா மீஞ்சூர்க்காரி. அப்பா ஞானதாஸ் ரயில்வேயில் வேலை பார்த்தவர், கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் தடித்த குரலில் பாடுபவர். கோயிலில் ஒரு கீபோர்டு இருந்தது. அதில்தான் ஆரம்பித்தாள். மேற்கத்திய இசையின் கிரேடு தேர்வுகளுக்காக வேப்பேரியில் ஒரு டீச்சரிடம் போனபோது அவளுக்குப் பதினைந்து வயது. நிஜப் பியானோவின் கட்டையில் அப்போதுதான் முதல்முதலாக விரல் வைத்தாள். அழுத்தினாள், சத்தமே வரவில்லை. டீச்சர் சிரிக்கவில்லை. “இது சுவிட்ச் போடுற விரல். இனிமே இதை எடை தூக்குற விரலா மாத்தணும்” என்றார். அதற்கே இரண்டு வருஷம் ஆயிற்று. மின்சார ரயிலில் மடியில் பையை வைத்து, அதன்மேல் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி எடுப்பாள். எதிரில் இருப்பவர்கள் இவள் எதையோ எண்ணுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிரதாப் பழவேற்காட்டில், தோணிரேவுக்கு அப்பால் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவன். படிப்பதற்காகச் சென்னையில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். அங்கே வாரக் கடைசியில் இலவசமாக வாத்தியம் சொல்லிக்கொடுக்க ஒருவர் வருவார். பிள்ளைகள் எல்லோரும் கிடார் கேட்டார்கள். இவன் கை நீளமாக இருந்ததால் செல்லோவைக் கொடுத்துவிட்டார். வலை இழுத்து வளர்ந்த தோள். வில்லை இழுத்ததும் அந்த அறை நிறைந்துவிட்டதாம். அவனே சொல்வான். பெருமைக்காகச் சொல்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள், கேட்கும் வரைக்கும்.

அவனுடைய கடைசி கிரேடு தேர்வுக்குப் பியானோ வாசிக்க ஆள் தேவைப்பட்டது. டீச்சர் இவளை அனுப்பினார். முதல் ஒத்திகையில் நிவேதா கவனித்தது அவன் விரலையோ வில்லையோ அல்ல, மூச்சை. ஆரம்பிப்பதற்கு முன்னால் மூக்கால் ஒரு மூச்சை வெடுக்கென்று இழுப்பான். அதைக் கேட்டுவிட்டு விரலை வைத்தால் இரண்டு வாத்தியமும் சேர்ந்து இறங்கும். தலையாட்டல், கண்ஜாடை எதுவும் தேவையில்லை. வேறு யாரோடும் அவளுக்கு அது அப்படி அமைந்ததில்லை. காதல் என்று அவள் எதை நினைத்தாளோ, அதில் பாதி இந்த மூச்சுதான்.

முறையைப் பற்றிய யோசனையும் அவனுடையதுதான். அவன் ஊரில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நல்ல நீரோட்டம் உள்ள இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட முடியாது. அதனால் குடும்பத்துக்குக் குடும்பம் முறை வைத்துப் போடுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு என்றால் உன் பங்காளி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கரையில்தான் நிற்க வேண்டும். கல்யாணம் ஆன புதிதில், ஒரு வீட்டில் இரண்டு வாத்தியக்காரர்கள் எப்படிக் குப்பை கொட்டுவது என்று டீச்சர் கேட்டபோது பிரதாப் இதைச் சொன்னான். “ஒரு வருஷம் என் பாடு, ஒரு வருஷம் இவ பாடு. யார் பாடோ அவங்களுக்கு எது நல்லதோ அதுதான் அந்த வருஷம்.” டீச்சர் கை தட்டினார். ஊரிலும் போய்ச் சொன்னான். குப்பமே சிரித்தது. புருஷன் பெண்டாட்டிக்குள்ளே பாடு வைத்தவனை அவர்கள் பார்த்ததில்லை.

முதல் வருஷம் அவனுடையது. அவன் டிப்ளமா தேர்வுக்காக நிவேதா தன் மாணவர்களில் பாதியை விட்டுவிட்டு அவனோடு ஒத்திகை பார்த்தாள். இரண்டாவது வருஷம் அவளுடையது. ஆனால் அப்போதுதான் அவனுக்கு சினிமா ஒலிப்பதிவுகளில் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் வீடு பார்க்க வேண்டும் என்றான். பார்த்த வீட்டில் பியானோ ஏறுகிற மாதிரி மாடிப்படி இல்லை. இந்த வருஷம் விட்டுக்கொடு, அடுத்தது உனக்கு என்றான். அடுத்தது வழக்கப்படி அவனுடைய வருஷம் என்பது இருவருக்குமே மறந்துபோனது. பிறகு ஒலிப்பதிவுகள் குறைந்தன. பத்து செல்லோக்காரர்கள் வாசிப்பதைக் கணினியே வாசித்துவிட்டது. அவன் துவண்டுபோனான். துவண்டவனிடம் என் பாடு என்று போய் நிற்க முடியுமா? ஓட்டல் வரவேற்பறையில் இருவருமாக வாசித்தார்கள். கல்யாண வரவேற்புகளில், கிறிஸ்துமஸ் சமயத்தில் கோயில்களில் வாசித்தார்கள். போன வருஷம் பெங்களூர் கிடைத்தபோது, மும்பைக்குப் பதிவு செய்து அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கும் அவள்தான் வாசிக்க வேண்டும், பெங்களூர் தள்ளிப்போனது.

எல்லாவற்றையும் பெருந்தன்மையால் கொடுத்ததாக நிவேதாவால் தன்னிடமே சாதிக்க முடியவில்லை. அதுதான் அவளை இன்னும் கடுப்பேற்றியது. தனியாக வாசிக்க அவளுக்குப் பயம். பெங்களூரில் தேர்வறையில் உட்கார்ந்தபோது, கையைக் கட்டையின்மேல் வைத்துவிட்டு அவள் காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே காத்திருந்தாள். எதிரில் இருந்தவர்களும் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபிறகுதான், பிரதாப்பின் மூச்சுக்காகக் காத்திருப்பது புரிந்தது. அவமானத்தில் காது சூடாகி, ஒரு மூச்சை இழுத்தாள். அது அவளுடைய மூச்சு. அதன் சத்தமே அவளுக்குப் புதிதாக இருந்தது. அதற்குப் பிறகு வாசித்தது நன்றாக இருந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை அவள் பிரதாப்பிடம் சொல்லவில்லை.

*

குப்பத்துக்கு வந்தது பிரதாப்பின் தம்பி முத்துவுக்காக. இன்றைக்கு ஊர்க்கூட்டம். இந்தப் பருவத்துக்கான பாடு யார் யாருக்கு என்று உறுதி செய்யும் நாள். முத்துவின் பாடு விஷயத்தில் தகராறு இருந்தது. படித்தவன் பேசினால் எடுபடும் என்று பிரதாப்பின் அப்பா ஆதிகேசவன் அவனை வரச்சொல்லியிருந்தார்.

கூட்டத்துக்கு முன்னால் அம்மன் கோயில் வாசலில் பிரதாப் வாசிக்க வேண்டும் என்று ஊரில் ஆசைப்பட்டார்கள். அண்ணிக்கும் ஏற்பாடு பண்ணிவிட்டேன் என்று முத்து சந்தோஷமாக ஒரு கீபோர்டைக் காட்டினான். பழவேற்காட்டில் மைக்செட் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்தது. நிவேதா ஒரு கட்டையை அழுத்தினாள். அதற்குரிய சுரம் வரவில்லை. அடுத்த சுரம் வந்தது. யாரோ எப்போதோ அரைக்கட்டை ஏற்றிவைத்து, அந்தப் பொத்தான் அப்படியே இறுகிப்போயிருந்தது. அணைத்துப் போட்டாலும் அதே கதை.

“நீங்க அரைக்கட்டை ஏத்தித் தந்திய முறுக்கிக்கிறீங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள். தனியே இருக்கும்போது அவனுக்கு நீ, பிரதாப். குப்பத்தில் மாமியார் காதில் விழும் தூரத்தில் எப்போதும் நீங்க. அவன் பெயரை அங்கே அவள் உச்சரித்ததே இல்லை.

“இந்த வெய்யில்லயா? அறுந்துடும் நிவி. நீ பாத்துக்குவல்ல.”

அவள் பார்த்துக்கொண்டாள். எந்தக் கட்டையில் விரல் வைக்க வேண்டுமோ அதற்கு அரைக்கட்டை கீழே வைத்தாள். வெள்ளைக் கட்டைகளில் சுலபமாக ஓடும் பாட்டு முழுக்கக் கறுப்புக் கட்டைகளில் ஏறிக்கொண்டது. கண்ணுக்கு ஒரு சுரம், காதுக்கு வேறு சுரம். நடுவில் ஒரு கணம் கவனம் பிசகியிருந்தால் ஊரே காதைப் பொத்திக்கொண்டிருக்கும். பிசகவில்லை. செல்லோ ஏரிக்காற்றில் கம்பீரமாக எழுந்தது. வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூடக் கையை நிறுத்தினார்கள். முடிந்ததும் பிரதாப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் அவன் தோளைத் தட்டினார். நிவேதாவின் முதுகில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. மாமியார் கஸ்தூரி அவளிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டி, “நீயும் கூடவே தட்டுனியே, நல்லாருந்துச்சும்மா” என்றாள். அன்போடுதான் சொன்னாள். அன்போடு சொல்பவர்களிடம் கோபப்படவும் முடிவதில்லை.

ஆண்கள் கோயில் வாசலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் கொஞ்சம் தள்ளிப் பூவரச மரத்தடியில், இறால் உரித்துக்கொண்டே கேட்டார்கள். நிவேதா முத்துவின் மனைவி லட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலில் முள் குத்தினால் வாசிக்க முடியாது என்று லட்சுமி அவளை உரிக்க விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஏங்க்கா, உங்க வூட்ல இந்த வருஷம் யாரு பாடு?” என்று கண்ணடித்தாள்.

“என்னுது.”

“அப்ப உன் காட்ல மஜாதான். எங்களுக்கும் வச்சுக் குடுக்கச் சொல்லேன் உன் வூட்டுக்காரர. ஒரு வருஷம் நான் கடலுக்குப் போறேன், உன் கொழுந்தன் இறால் உரிக்கட்டும்.”

பெண்கள் சிரித்தார்கள். நிவேதாவும் சிரித்தாள்.

தகராறு சிக்கலானதல்ல. போன பருவத்தில் முத்துவுக்கு நல்ல இடத்தில் பாடு விழுந்தது. அப்போது பெரியப்பா மகன் சுரேஷின் வீட்டில் கல்யாணம். இந்தத் தடவை உன் பாட்டை எனக்குக் கொடு என்று கேட்டான். முத்து கொடுத்துவிட்டான். என் பாடு வரும்போது நீ எடுத்துக்கொள் என்று சுரேஷ் சொன்னதாக முத்து சொல்கிறான். இந்தப் பருவத்தில் அந்த இடம் சுரேஷுக்கு விழுந்திருக்கிறது. சுரேஷ் அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை என்கிறான். சுரேஷ் கெட்டவனாகத் தெரியவில்லை. நிஜமாகவே மறந்தவனின் குழப்பம் அவன் முகத்தில் இருந்தது.

“அவன் அன்னிக்கி சிரிச்சினே குடுத்தான்” என்றான் சுரேஷ். “எடுத்துக்கோ அண்ணா, இதுல இன்னா இருக்குதுன்னான். வேணும்னா அப்பவே வேணும்னு சொல்லியிருக்கணும். குடுத்தது குடுத்ததுதான?”

வட்டத்தில் சில தலைகள் ஆடின. முத்து தலையைக் குனிந்துகொண்டான். பிரதாப் எழுந்தான். மேடையில் வாசிக்கப் போகும்போது எழுவதுபோல, அவசரமில்லாமல் எழுந்தான்.

“சிரிச்சினு குடுத்தா அது தானமா?” என்று கேட்டான். “கூடப் பொறந்த மாதிரி இருக்கறவன் வந்து கேக்குறான். மூஞ்சியத் தூக்கி வச்சினா குடுக்க முடியும்? உள்ள எரிஞ்சாலும் சிரிச்சினுதான் குடுப்பான். அதுக்காக அவனுக்கு வேணாம்னு ஆயிடுமா? பாடுன்றது நம்மகிட்ட இருக்குற ஒரே மரியாத. குடுத்தவன் வாயத் தொறந்து கேக்குற வரைக்கும் வாங்குனவன் சும்மா இருக்கக் கூடாது. வாங்குனவன்தான் ஞாபகம் வச்சுக்கணும்.”

பூவரச மரத்தடியில் நிவேதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எவ்வளவு சரியாகச் சொல்கிறான்! அவளே இத்தனை வருஷமாகத் தேடிக் கிடைக்காத வார்த்தைகள். அவன் எங்கிருந்து எடுத்தான்? தெரிந்துதான் சொல்கிறானோ? இதைப் பேசிக்கொண்டே என்னைப் பற்றியும் அவனுக்கு விளங்கியிருக்குமோ? கழுத்தை நீட்டி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் இந்தப் பக்கம் திரும்பினான், அவளைப் பார்த்தான், எப்படி என்பதுபோல லேசாகப் புருவத்தை உயர்த்தினான். கச்சேரி முடிந்து உள்ளே வரும்போது அவளிடம் கேட்கும் அதே ஜாடை. நன்றாக வாசித்தேனா?

அவ்வளவுதான். வேறொன்றுமில்லை அதில்.

ஊர்த்தலைவர் சுரேஷிடம், இந்தத் தடவை அந்த இடம் முத்துவுக்கு, அதற்கடுத்தது வழக்கம்போல என்று முடித்தார். சுரேஷ் முணுமுணுத்தான், பிறகு அவனே எழுந்து முத்துவின் முதுகில் ஓர் அறை வைத்து, “பேஜாருபுடிச்சவனே, வாயத் தொறந்து கேட்டா கொறஞ்சா போயிடுவ” என்றான். கூட்டம் கலைந்தது.

*

சாப்பாட்டுக்கு நண்டுக் குழம்பு. வீட்டுக்குள் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். லட்சுமி மட்டும் நின்று பரிமாறினாள். எல்லோரும் குஷியாக இருந்தார்கள். ஆதிகேசவன் அன்று அதிசயமாக நிறையப் பேசினார். பிரதாப் பேசியதை அவனுக்கே திருப்பிச் சொல்லிக் காட்டினார். “வாங்குனவன்தான் ஞாபகம் வச்சுக்கணும்” என்பதை இரண்டு தடவை சொன்னார்.

அந்தக் குஷியில்தான் பிரதாப் மும்பையைப் போட்டு உடைத்தான்.

அப்படித்தான் செய்வான் என்று நிவேதாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாளாக வீட்டில் பேசி முடியாததை, மறுக்க முடியாத இடத்தில், எல்லோர் வாயிலும் சோறு இருக்கும்போது. திட்டம் போட்டுச் செய்தான் என்றும் சொல்ல முடியாது. சந்தோஷம் பொங்கினால் அவன் வாயில் எதுவும் நிற்காது. விழாவைப் பற்றி, ஊர் ஊராகப் போவதைப் பற்றி, வயது வரம்பைப் பற்றிச் சொன்னான். பேப்பரில் போட்டோ வரும் என்றான். கஸ்தூரி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். முத்து, அண்ணியும் போட்டோவில் வருவார்களா என்று கேட்டான். “அவ இல்லாம எப்புடிடா? நம்ம ரெண்டு பேரும்தான்” என்றான் பிரதாப்.

பேருந்தாக இருந்தால் இறங்கியிருப்பேன் என்று நிவேதா நினைத்துக்கொண்டாள். அப்போதும் இறங்கவில்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

“பெங்களூர் இருக்குதே” என்றாள், நண்டை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு. “நாளைக்கு நான் சொல்லணும்.”

அவன் மற்றவர்களுக்கு விளக்கினான். அவளுக்கும் பெங்களூரில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, பெரிய விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படிப்பு எங்கே போகிறது? பெங்களூர் இல்லாவிட்டால் இன்னோர் இடம் வரும். மும்பைக்கு வயது வரம்பு இருக்கிறது. அவள் படிப்புக்கு அது இல்லை. அவன் பேசப் பேச ஆதிகேசவன் தலையாட்டினார். பிறகு அவன் அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினான். அந்தக் குரல் நிஜமானது. அதில் பயம் இருந்தது. ஒலிப்பதிவு நின்றுபோன வருஷத்தில், நாற்காலியில் செல்லோவை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பானே, அப்போதைய பயம்.

“அடுத்த வருஷம் உனக்கு, நிவி. இந்த ஒண்ணு மட்டும். போன தடவையும் நீ சந்தோஷமாத்தான குடுத்த?”

லட்சுமியின் கரண்டி குழம்புச் சட்டியில் நின்றுவிட்டது. அவள் பிரதாப்பைப் பார்த்தாள், நிவேதாவைப் பார்த்தாள், பிறகு ஒன்றும் தெரியாதவள்போல முத்துவின் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

“ஆமா” என்றாள் நிவேதா. “சிரிச்சினேதான் குடுத்தேன்.”

அவனுக்கு எட்ட ஒரு கணம் ஆயிற்று. எட்டியது. காது நுனியிலிருந்து சிவப்பு இறங்குவதை அவள் பார்த்தாள். நல்ல காது அவனுக்கு. அபசுரம் எங்கே என்று உடனே தெரியும், ஆனால் எப்போதும் அடுத்த வாத்தியத்தில்தான் தேடுவான்.

“அது வேற, இது வேற” என்றான். “அது மீன் புடிக்கிற எடம். இது நம்ம வாழ்க்கை.”

முத்து தலையை உயர்த்தினான். மீன் பிடிக்கிற இடம்தான் அவன் வாழ்க்கை. ஆனால் மறுபடியும் குனிந்து சோற்றைப் பிசைந்தான். காலையில்தான் அண்ணன் அவனுக்காகப் பேசியிருந்தான்.

கஸ்தூரிதான் பேசினாள். ஊர் ஊராகப் போவது இரண்டு பேருக்கும் நல்லதுதானே, படிப்பைப் பிற்பாடு படித்துக்கொள்ளலாம், ஆம்பிளை மனசு ஒடிந்தால் எடுத்து நிறுத்துவது கஷ்டம் என்றாள். இதில் சண்டைக்கான குரல் இல்லை. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்பதுபோலச் சொன்னாள். “நீ கூடத் தட்டுறதுக்குத்தான கேக்குறான்” என்று முடித்தாள்.

நிவேதாவுக்குக் காலையின் கறுப்புக் கட்டைகள் நினைவுக்கு வந்தன. அதை இப்போது விளக்கிச் சொல்லலாம். அரைக்கட்டை ஏறியிருந்ததை, மொத்தத்தையும் மண்டைக்குள்ளே கீழே இறக்கி வாசித்ததை, தட்டவில்லை என்பதைச் சொல்லலாம். சொன்னால் அவர்கள் ஆச்சரியப்படுவார்கள், பாராட்டுவார்கள். பிறகு இவ்வளவு திறமைக்காரி மும்பைக்குப் போகாமல் இருக்கலாமா என்பார்கள். அவள் சொல்லவில்லை.

“ஹரிஷ் வாசிப்பான்” என்றாள் பிரதாப்பிடம். ஹரிஷ் அவர்களோடு படித்தவன், நல்ல பியானோக்காரன். “மும்பைக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க. ஆள மாத்தறதுக்கு ஒத்துப்பாங்களான்னு. எப்படி வாசிக்கணும்னு அவனுக்கு நான் உக்காந்து சொல்லித்தர்றேன்.”

“ஒத்துக்கலன்னா?”

ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றுதான் நிவேதாவுக்குத் தோன்றியது. ஜோடி என்றுதான் எடுத்திருக்கிறார்கள். கணவன் மனைவி என்பதும் அவர்களுக்குப் பிடித்திருக்கும். ஆவணி வந்துவிடும். அவன் மறுபடியும் அந்த நாற்காலியின் எதிரில் உட்காருவான். இதெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டு செய்வதில் ஒரு கொடுமை இருந்தது. அந்தக் கொடுமை தன்னிடம் இருக்கிறது என்பதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்நியப் பொருளைப் பார்ப்பதுபோல.

“ஹரிஷுக்கு என் மூச்சு தெரியாது, நிவி” என்றான் பிரதாப். எல்லோர் முன்னாலும், வெட்கமில்லாமல் சொன்னான். “உனக்குத்தான் தெரியும். எனக்காக. இந்த ஒரே தடவ.”

வெளியே யாரோ படகுக்கு இன்ஜினை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிடி, பிடி என்று குரல் கேட்டது. நிவேதா நண்டை தட்டின் ஓரத்தில் வைத்தாள். தனக்கே கேட்கும்படி ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள்.

“இல்ல, பிரதாப்” என்றாள்.

அவன் பெயர் அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து வந்து விழுந்ததைக் கஸ்தூரி கேட்டாள். ஆதிகேசவன் கேட்டார். அவளுக்கும் கேட்டது.

“நான் வரல. நீ ஹரிஷ்கிட்டப் பேசு. நான் நாளைக்கு பெங்களூருக்கு வர்றேன்னு சொல்லிடுறேன்.”

பிறகு லட்சுமியிடம் கொஞ்சம் சோறு கேட்டாள்.